மே 31-ல பொறந்த பிள்ளைங்க

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கம் நான் ஒரு ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன், ஆன்லைன் அப்ளிகேஷனும் போட்டுக் குடுப்பேன், பன்னெண்டு வருஷம் ஆச்சு. ஆதார், பான், பாஸ்போர்ட், சாதி சர்டிபிகேட், ஓட்டர் ஐடின்னு ஒரு நாளைக்கு முப்பது நாப்பது பேரோட பேப்பர் என் கை வழியா போகும். அதுல ஆரம்பத்துலயே கண்ணுல பட்ட விஷயம், எங்க பக்கத்து ஆளுங்கள்ல ரொம்பப் பேரு மே மாசத்துல பொறந்திருக்காங்க. மே 15, மே 20, மே 31. என்னோடதும் மே 25 தான், ஆனா எங்க அம்மை கணக்குப்படி நான் பொறந்தது ஆடியில, நல்ல மழை அன்னிக்கு. ஜூன்ல ஸ்கூல் தொறக்கும்போது 5 வயசு நிறைஞ்சிருக்கணும், ரெண்டு மாசம் குறையுதுன்னா இன்னும் ஒரு வருஷம் பிள்ளைய வீட்டுல வெச்சிருக்கணும், கூலி வேலைக்குப் போற அம்மைக்கு அது முடியுமா, ஹெட்மாஸ்டர் பேனாவ எடுத்து மே மாசத்துல ஒரு தேதியப் போட்டு சேத்துக்குவாரு. கெட்ட எண்ணத்துல யாரும் செஞ்சது இல்ல, பிள்ளைக்கு நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சாங்க. ஆனா அந்தத் தேதி டிசில ஏறி, டிசில இருந்து ஆதார்ல ஏறி, ஆதார்ல இருந்து ஓட்டர் லிஸ்ட்ல ஏறி, சில பேருக்கு ஒரு நாள் போலீஸ் ஸ்டேஷன் மேஜைக்கும் வந்து சேருது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஜூன் மாசம் ஒரு அம்மா பாலித்தீன் கவர்ல கொஞ்சம் பேப்பரோட வந்தாங்க. கடலோர ஊரு, எந்த ஊர்னு சொல்ல மாட்டேன், இந்த மாதிரி விஷயத்துல பிள்ளைய அடையாளம் காட்டக்கூடாதுன்னு சிறார் நீதிச் சட்டம் 74-வது பிரிவுல கண்டிப்பா சொல்லியிருக்கு. பையன் எட்டாவதோட நிறுத்திட்டு போட்ல போக ஆரம்பிச்சவன். ஜூன் 9-ந் தேதி ஒரு அடிதடில மாட்டிட்டான். டிசில அவன் பொறந்த தேதி மே 31, அப்போ 18 வயசு முடிஞ்சு 9 நாள். கவர்ல இருந்த ஞானஸ்நான சர்டிபிகேட்லயும் பேரூராட்சி பிறப்பு சான்றிதழ்லயும் ஜூலை 14. அப்படிப் பாத்தா அவனுக்கு 18 ஆகறதுக்கு இன்னும் ஒரு மாசத்துக்கு மேல கிடக்கு. வித்தியாசம் மொத்தம் 44 நாள். போலீஸ்ல ஆதார மட்டும் பாத்திருக்காங்க, ஆதார் டிசிய வெச்சு எடுத்தது, அதனால மேஜர்னு சொல்லி பெரியவங்க ஜெயில்ல ரெண்டு வாரம் வெச்சுட்டாங்க. அந்த அம்மா என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு தான், "அவனப் பெத்தது நானில்லியா மக்கா, எனக்குத் தெரியாதா அவனுக்க வயசு?"

அவங்களுக்கு அன்னிக்கு என்னால பதில் சொல்ல முடியல. அதுக்கு அப்புறம் தான் சட்டத்த எடுத்து உக்காந்து படிச்சேன், தெரிஞ்ச வக்கீல்கள்கிட்ட கேட்டேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் பிடிபட்டுச்சு. நம்ம நாட்டுல 18 வயசுங்கற ஒரே கோட்டுல ரெண்டு பெரிய கதவு இருக்கு. ஒண்ணு ஓட்டர் லிஸ்ட், இன்னொண்ணு சிறார் நீதி. ரெண்டுமே நம்ம வயச ஏதோ ஒரு பேப்பர வெச்சுத்தான் பாக்குது. ஆனா பேப்பர்ல சந்தேகம் வந்தா ஒரு சட்டம் பிள்ளை பக்கம் சாயுது, இன்னொரு இடத்துல சந்தேகத்தோட பாரம் முழுக்க நம்ம தலையில ஏறுது.

சிறார் சட்டத்துல இருந்து தொடங்குறேன். இந்த 18-ங்கற கோடு எப்பவும் இருந்தது இல்ல. மெட்ராஸ் மாகாணத்துல 1920-லயே குழந்தைகள் சட்டம் வந்துட்டு, ஆனா நம்ம மாவட்டம் அப்போ திருவிதாங்கூர், 1956 நவம்பர் 1-ந் தேதி தான் இந்தப் பக்கம் வந்தோம், அதனால அது நமக்கு அப்போ பொருந்தல. நாடு முழுக்க ஒரே சட்டம்னு வந்தது 1986-ல, அதுல ஆண் பிள்ளைக்கு 16, பெண் பிள்ளைக்கு 18. ரெண்டு பேருக்கும் 18-ன்னு ஆக்குனது 2000-த்துல வந்த சட்டம். ஓட்டுப் போடுற வயசு 21-ல இருந்து 18-ஆ எறங்குனது 1989-ல, 61-வது அரசியல் சாசனத் திருத்தம். ஆக 1989-ல இருந்து 2000 வரைக்கும் 17 வயசுப் பையன் கோர்ட்டுக்குப் பெரியவன், ஓட்டுக்குச் சின்னவன். ரெண்டு கோடும் எல்லாருக்கும் ஒரே இடத்துல வந்து நின்னதே கால் நூற்றாண்டுக் கதை தான்.

இப்போ நடப்புல இருக்கறது 2015 சட்டம், 2016 ஜனவரி 15-ல அமலுக்கு வந்துச்சு. அது ஏன் வந்துச்சுன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், 2012 டிசம்பர் டெல்லி கொடூரம். அதுல மாட்டுன ஒருத்தன் 18 ஆகாதவன், எலும்பு டெஸ்ட் எடுக்கணும்னு போலீஸ் கேட்டுச்சு, சிறார் குழுமம், அதாவது பிள்ளைங்க கேஸ விசாரிக்கற இளைஞர் நீதிக் குழுமம், வேண்டாம்னு சொல்லி ஸ்கூல் ரெக்கார்ட வெச்சே அவன் மைனர்னு முடிவு பண்ணுச்சு. அதிகபட்சமா 3 வருஷம் சிறப்பு இல்லம், 2015 டிசம்பர் 20-ல வெளிய வந்தான், ரெண்டே நாள்ல ராஜ்யசபாவுல புது சட்டம் பாஸ் ஆச்சு. 16-ல இருந்து 18-க்குள்ள இருக்கற பிள்ளை கொடிய குற்றம், அதாவது குறைஞ்ச தண்டனையே 7 வருஷம் இருக்கற குற்றம் பண்ணியிருந்தா, மனசளவுலயும் உடம்பளவுலயும் அதப் பண்ணக்கூடிய திறன் இருந்துச்சா, விளைவு புரிஞ்சுதான் பண்ணுனானான்னு முதல்ல ஒரு மதிப்பீடு, அப்புறம் தேவைப்பட்டா குழந்தைகள் நீதிமன்றத்துல பெரியவங்கள மாதிரி விசாரணை. அப்பவும் தூக்குத் தண்டனை கிடையாது, வெளிய வர வழியே இல்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது.

2023 ஆகஸ்ட்ல நாங்குநேரில ஸ்கூல் பயலுவ கூடப் படிச்ச பையனையும் அவன் தங்கச்சியையும் வீடு புகுந்து வெட்டுன சம்பவம் நடந்தப்போ கடைக்கு வந்தவங்க எல்லாரும் அதத்தான் பேசுனாங்க, 17 வயசுப் பயலுவ அரிவாள் தூக்குறான், அவன எதுக்குப் பிள்ளைன்னு சொல்லணும்னு. அந்தக் கோவம் எனக்கும் வந்துச்சு. ஆனா சட்டம் கோவத்துல ஓடாது பாத்துக்கிடுங்க. பெரும்பாலான பிள்ளைங்க மேல இருக்கற கேஸ் அரிவாள் கேஸ் இல்ல, செல்போன் திருட்டு, பைக் திருட்டு, கோயில் கொடை, சர்ச் பெருவிழா சமயத்துல நடக்கற கைகலப்பு, இதுதான். இந்தப் பிள்ளைங்களுக்கு சட்டம் சில விஷயம் உறுதியாக் குடுக்குது. லாக்கப்லயோ ஜெயில்லயோ வைக்கக்கூடாது, 24 மணி நேரத்துக்குள்ள இளைஞர் நீதிக் குழுமம் முன்னாடி ஆஜர்படுத்தணும். குழுமத்துல ஒரு மாஜிஸ்திரேட்டும் ரெண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பாங்க, அதுல ஒருத்தராவது பெண்ணா இருக்கணும். ஜாமீன் குடுக்கறது தான் விதி, மறுக்கறது விதிவிலக்கு. விசாரணை 4 மாசத்துல முடியணும். ஜாமீன் கிடைக்கலன்னா கூர்நோக்கு இல்லம், நம்ம பக்கத்துக்கு அது திருநெல்வேலி. பிள்ளையப் பாக்கறதுக்கு நீரோடில இருந்து ஒரு அம்மா பஸ் மாறி மாறிப் போய் வரணும்னா ஒரு நாள் கூலி போச்சு, அதுவே ஒரு தண்டனை தான், அது அந்த அம்மாவுக்கு.

எல்லாத்தையும் விடப் பெரிய விஷயம் 24-வது பிரிவு. சிறார் சட்டத்துல குற்றம் நிரூபணம் ஆனாக்கூட அதனால எந்தத் தகுதியிழப்பும் வரக்கூடாது, காலக்கெடு முடிஞ்சதும் ரெக்கார்ட அழிச்சிடணும். பெரியவங்க மாதிரி விசாரிக்கப்பட்டு குற்றவாளின்னு ஆன 16 தாண்டின பிள்ளைக்கு மட்டும் இந்தச் சலுகை இல்ல. நம்ம மாவட்டத்துக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா இங்க ஒவ்வொரு வீட்டுலயும் கல்ஃப் கனவு ஒண்ணு இருக்கு, பாஸ்போர்ட்டுக்கு போலீஸ் வெரிஃபிகேஷன் வந்தா பழைய கேஸ் ஒண்ணு போதும், ஆளு ஊர்லயே நிக்க வேண்டியது தான். அந்த 44 நாள்ல பையன் இழந்தது இதைத்தான். கேஸ் பின்னால சமாதானத்துல முடிஞ்சுட்டு, ஆனா அவன் பேருல ஒரு எஃப்ஐஆர், ஜெயில் ரெக்கார்டுல ஒரு வரி, இதெல்லாம் பெரியவங்க கணக்குல நிக்குது.

சரி, வயச எப்படி முடிவு பண்ணணும்? 94-வது பிரிவு வரிசையா சொல்லுது. முதல்ல ஸ்கூல் பிறந்த தேதி சர்டிபிகேட் அல்லது பத்தாங்கிளாஸ் சர்டிபிகேட். அது இல்லன்னாத் தான் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி குடுத்த பிறப்பு சான்றிதழ். ரெண்டுமே இல்லன்னாத் தான் எலும்பு டெஸ்ட். மணிக்கட்டு, முழங்கை, இடுப்பெலும்பு இதெல்லாம் எக்ஸ்ரே எடுத்து எலும்பு நுனி ஒட்டியிருக்கான்னு பாப்பாங்க, அது ரெண்டு வருஷம் முன்ன பின்ன இருக்கும்னு கோர்ட்டே ஒத்துக்கிட்ட விஷயம், 44 நாள அது எங்க கண்டுபிடிக்கப் போகுது. கவனிச்சீங்களா, பேரூராட்சி பதிவு பண்ணுன நிஜத் தேதிக்கு மேல ஹெட்மாஸ்டர் போட்ட மே 31-ஐ சட்டம் தூக்கி வெச்சிருக்கு. ஏன்னா நாட்டுல நெறையப் பேருக்கு பிறப்புப் பதிவே இல்ல, ஸ்கூல் ரெஜிஸ்டராவது இருந்துச்சு. பீகார்லயோ ராஜஸ்தான்லயோ அது பிள்ளைங்களக் காப்பாத்துன விதி, எங்க ஊர்ல அதே விதி பிள்ளைய மாட்டி விட்டுட்டு. ஞானஸ்நான சர்டிபிகேட் அந்த வரிசையிலயே இல்ல. பிறப்பு சான்றிதழ்லயும் ஒரு சிக்கல் இருந்துச்சு, பிள்ளையோட பேரு போடற இடம் காலியா இருந்துச்சு. ஆஸ்பத்திரில இருந்து பதிவு போகும்போது பேரு வெச்சிருக்க மாட்டாங்க, அப்புறம் போய்ச் சேர்க்கணும், ஊர்ல பாதிப் பேரு சேர்க்கறதே இல்ல. பேரில்லாத சான்றிதழக் காட்டி "இது இவன் தான்"னு எப்படிச் சொல்றது?

அங்க ஒரு நல்ல வக்கீல் கையில கேஸ் கிடைச்சிருந்தா வாதாட இடம் இருந்துச்சு. ஸ்கூல் ரெஜிஸ்டர்ல இருக்கற தேதிய யாரு சொல்லி யாரு எழுதுனாங்கன்னு தெரியாம அப்படியே நம்ப முடியாதுன்னு 1988-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, அது ஒரு எலெக்ஷன் கேஸ், வேட்பாளருக்கு 25 வயசு ஆச்சா இல்லையான்னு வந்த கேஸ். ரெண்டு பக்கமும் பாக்கலாம்ங்கற எல்லைக்கோட்டு நேரத்துல பிள்ளை பக்கம் சாயணும்னு 2021 தீர்ப்புலயும் திரும்பச் சொன்னாங்க. மைனர்ங்கற கோரிக்கைய எந்தக் கோர்ட்லயும் எந்தக் கட்டத்துலயும், கேஸ் முழுசா முடிஞ்ச பிறகும் கூட எழுப்பலாம்னு 9-வது பிரிவுல இருக்கு. குற்றம் நடந்த அன்னிக்கு என்ன வயசுங்கறது தான் கணக்கு, பிடிச்ச அன்னிக்கோ ஆஜர்படுத்துன அன்னிக்கோ இல்ல, அது 2005-ல அரசியல் சாசன அமர்வு முடிச்சு வெச்ச விஷயம்.

இந்த இடத்துல ஒரு கேஸ் சொல்லணும், படிச்சதுல இருந்து மனசுல கிடக்கு. 1994-ல டேராடூன்ல நடந்த கொலைகள்ல ஒருத்தனுக்குத் தூக்குத் தண்டனை. மைனர்னு அவன் சொன்னத விசாரணை கோர்ட் ஏத்துக்கல, பேங்க்ல அக்கவுண்ட் இருக்கு, அப்போ மேஜராத்தான் இருப்பான்னு எடுத்துக்கிட்டாங்க. அப்புறம் ஜனாதிபதி ஆயுளாக் குறைச்சாரு. 2025 ஜனவரில தான் சுப்ரீம் கோர்ட் அவனோட ஸ்கூல் ரெக்கார்டப் பாத்து, சம்பவம் நடந்தப்போ 14 வயசுன்னு சொல்லி விடுதலை பண்ணுச்சு. கிட்டத்தட்ட 25 வருஷம் உள்ள இருந்துட்டான். ஒரு பாஸ்புக் ஒருத்தன் வாழ்க்கையத் தின்னுட்டு.

அந்தப் பாஸ்புக் மாதிரி தான் இங்க ஓட்டர் ஐடி. நெறையப் பேரு "ஓட்டு இருக்குல்ல, அப்போ மேஜர் தானே"ன்னு பேசுறத நானே கேட்டிருக்கேன். சட்டத்துல அப்படி கிடையாது. 94-வது பிரிவோட வரிசையில ஓட்டர் லிஸ்ட்டும் இல்ல, ஆதாரும் இல்ல. ஆதார் பொறந்த தேதிக்கு ஆதாரம் இல்லன்னு 2024-ல சுப்ரீம் கோர்ட் ஒரு விபத்து இழப்பீட்டுக் கேஸ்ல சொல்லிட்டு, ஸ்கூல் சர்டிபிகேட்டத் தான் எடுத்துச்சு. ஆனா ஓட்டர் லிஸ்ட்ல சேர்க்கற ஃபார்ம் 6-ல பொறந்த தேதிக்கு ஆதாரே போதும். ஒரே அட்டை, தேர்தல் பக்கம் வயசுக்குச் சான்று, சிறார் குழுமத்துல சான்று இல்ல. இதுல ஊர்ல நடக்கற இன்னொரு தப்பும் சேருது. எலெக்ஷன் நெருங்கும்போது பூத் ஆளுங்க வந்து "பயலுக்கு ஆகப்போகுதுல்ல, போட்டு விடுங்க"ன்னு 17-ஐ 18-ஆ எழுதச் சொல்லுவாங்க. பொய்யான தகவல் குடுத்தா மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1950, 31-வது பிரிவுல ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு, அது ஒரு பக்கம். அதவிட எனக்குப் பயம், அந்தப் பொய் வயசு நாளைக்கு ஸ்டேஷன்ல அந்தப் பிள்ளைக்கு எதிரா நிக்கும். லிஸ்ட் சரியா இருக்கணும்னு நான் கத்தறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

மறுபக்கமும் சொல்லணும், மைனர்னு பொய் சொல்றவங்களும் இருக்காங்க. ஜம்மு பக்கம் எட்டு வயசுப் பெண் பிள்ளையக் கொன்ன கதுவா கேஸ்ல, குற்றம் சாட்டப்பட்ட ஒருத்தனோட நகராட்சிப் பதிவும் ஸ்கூல் பதிவும் ஒண்ணுக்கொண்ணு முட்டிக்கிட்டு நின்னப்போ, 2022-ல சுப்ரீம் கோர்ட் டாக்டர் ரிப்போர்ட்ட எடுத்து அந்த ஆளு மேஜர்னு சொல்லுச்சு. பேப்பர் சந்தேகமா இருந்தா தோண்டிப் பாக்கக் கோர்ட்டுக்கு வழி இருக்கு. அதனால பிள்ளைக்குச் சாதகமா சட்டம் இருக்கறதால குற்றவாளி எல்லாரும் தப்பிச்சுருவான்னு சொல்றத நான் ஏத்துக்க மாட்டேன்.

இப்போ ஓட்டர் லிஸ்ட்டுக்கு வரேன். முன்ன ஜனவரி 1 அன்னிக்கு 18 ஆகியிருந்தாத் தான் சேர்க்க முடியும். 2021 திருத்தத்துக்கு அப்புறம் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1-ன்னு நாலு தேதி, 17 முடிஞ்சதுமே முன்கூட்டி அப்ளை பண்ணி வைக்கலாம். நம்ம பையன் கணக்கு எடுத்துக்கிட்டா, மே 31-ன்னா ஜூலை 1-ல சேரலாம், ஜூலை 14-ன்னா அக்டோபர் 1-ல. இங்க அந்த 44 நாளால ஆகற சேதம் மூணு மாசம் முன்ன பின்ன, ஒருத்தருக்கும் நட்டமில்ல. அங்க அதே 44 நாள் ஜெயில்.

ஆனா லிஸ்ட்ல பேரு இருக்கா இல்லையாங்கறது வேற கதை, அது நம்ம மாவட்டத்துல ரொம்பப் பெரிய கதை. தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் போட்டுக்காரங்க ஒரு தடவை போனா முப்பது நாப்பது நாள் கடல்ல கிடப்பாங்க, பாதிப் பேரு கொச்சில இருந்து போவாங்க, பிஎல்ஓ, அதாவது லிஸ்ட் சரிபாக்கற பூத் அதிகாரி, வீட்டுக்கு வர்ற அன்னிக்கு ஆம்பளை ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. களியக்காவிளை தாண்டுனா கேரளா, பொண்ணு குடுக்கறதும் எடுக்கறதும் பாறசாலை, நெய்யாற்றின்கரைன்னு போகும், பேரு ரெண்டு மாநிலத்துலயும் நிக்கும், இல்லன்னா ரெண்டுலயும் போயிடும். கல்ஃப்ல இருக்கறவங்க ஃபார்ம் 6ஏ போட்டு வெளிநாட்டு வாக்காளரா சேரலாம், ஆனா ஓட்டுப் போட நேர்ல தான் வரணும், அதனால யாரும் போடறதில்ல. 2019 நாடாளுமன்றத் தேர்தல் அன்னிக்கு கடலோர ஊர்கள்ல பேரு விட்டுப்போச்சுன்னு எவ்வளவு பெரிய புகார் எழும்புச்சுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். ஒக்கி புயல் அடிச்சது 2017 நவம்பர் 30. கடல்ல காணாமப் போன ஆளுக்கு சாதாரணமா 7 வருஷம் தகவல் இல்லன்னாத் தான் சட்டம் இறந்ததா எடுத்துக்கும், இறப்பு சான்றிதழ் கையில வர்ற வரைக்கும் அந்த வீட்டு ஆளோட பேரு லிஸ்ட்ல உயிரோட இருக்கும், ஸ்லிப் குடுக்க வர்றவர் அந்தப் பேரப் படிக்கும்போது அந்த வீட்டுப் பெண்கள் முகத்த நான் பாத்திருக்கேன்.

தற்காலிகமா ஊர்ல இல்லங்கறதுக்காக ஒருத்தர் அந்த ஊர்க்காரர் இல்லன்னு ஆகாதுன்னு சட்டத்துலயே இருக்கு, 1950 சட்டம் 20-வது பிரிவு. கடலுக்குப் போனவருக்காகவே எழுதுன மாதிரி இருக்கு அது. 1995-ல சுப்ரீம் கோர்ட் இன்னொண்ணும் சொல்லுச்சு, ஏற்கனவே லிஸ்ட்ல பேரு இருக்குன்னா அது சரியாத் தான் சேர்த்திருப்பாங்கன்னு எடுத்துக்கணும், எடுக்கணும்னா எடுக்கறவங்க தான் காரணம் காட்டணும். சிறார் சட்டத்துல சந்தேகம் பிள்ளை பக்கம்னு சொன்னோமே, அதே மனசு தான் இதுலயும்.

2025-ல வந்த எஸ்ஐஆர், அதாவது ஓட்டர் லிஸ்ட்டோட சிறப்பு தீவிர திருத்தம், அந்த இடத்தைத் தான் திருப்பிப் போட்டுச்சு. பீகார்ல முதல்ல, வரைவுப் பட்டியல்ல 65 லட்சம் பேரு இல்ல, யாரு எதுக்கு எடுக்கப்பட்டாங்கன்னு பேரோட காரணத்தோட வெளியிடச் சொல்லி ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட வேண்டி வந்துச்சு. நவம்பர் 4-ல தமிழ்நாட்டுல தொடங்குச்சு. 6.41 கோடி இருந்த லிஸ்ட் டிசம்பர் 19 வரைவுல 5.43 கோடி ஆச்சு, 97 லட்சத்துக்கு மேல போச்சு. அதுல செத்தவங்களும் ரெண்டு இடத்துல பேரு உள்ளவங்களும் இருக்காங்க, அது போக வேண்டியது தான், நான் அதுக்கு எதிரா இல்ல. ஆனா பெரிய பங்கு, 66 லட்சம், இடம் மாறிட்டாங்க, வீட்டுல இல்லன்னு எடுத்தது. வீட்டுல இல்லன்னா என்ன அர்த்தம்னு போட்டுக்காரங்க வீட்டுக்குத் தெரியும்.

அந்த ஒன்றரை மாசம் கடையில நான் சாப்பிடக்கூட நேரம் இல்லாம உக்காந்திருந்தேன். 2002, 2005 காலத்துப் பழைய லிஸ்ட்ல உங்க பேரோ அம்மை அப்பன் பேரோ காட்டணும். அந்த லிஸ்ட் 2008 தொகுதி சீரமைப்புக்கு முன்னாடி உள்ளது. அப்போ நம்ம மாவட்டத்துல ஏழு தொகுதி, இப்போ ஆறு, திருவட்டார்னு ஒரு தொகுதியே இப்போ கிடையாது. குலசேகரம் பக்கத்து ஆளுங்க பத்மநாபபுரத்துல தேடித் தேடிப் பேரு இல்லன்னு அழுவாங்க, திருவட்டார்ல தேடுனா கிடைக்கும். பேரு எழுத்துலயும் அவ்வளவு குழப்பம், ஏசுதாஸ், யேசுதாசன், ஏசுதாசன் மூணும் ஒரே ஆளு, ஒரே வீட்டு நம்பர், ஆனா கம்ப்யூட்டருக்கு மூணு பேரு. 70 வயசு தாத்தா ஒருத்தர், எல்லா எலெக்ஷன்லயும் ஓட்டுப் போட்டவர், ஸ்கேன் பண்ணுன மங்கலான பக்கத்துல தன் பேரக் கண்டுபிடிச்சப்போ ஸ்க்ரீனத் தொட்டுப் பாத்தாரு.

சிறார் சட்டமும் ஓட்டர் லிஸ்ட்டும் நேருக்கு நேரா முட்டுன இடத்த நான் பாத்தது அப்போ தான். ஒரு பொண்ணு வந்துச்சு, 18 முடிஞ்சிருந்துச்சு. சின்ன வயசுல குழந்தைகள் நலக் குழு மூலமா ஒரு இல்லத்துல சேத்த பிள்ளை, அப்பா அம்மா யாருன்னு தெரியாது. இப்போ நர்சிங் படிக்குது, ஹாஸ்டல்ல தங்கியிருக்கு. ஃபார்ம் 6 போடணும். எஸ்ஐஆர் சமயத்துல அதோட ஒரு உறுதிமொழியும் குடுக்கணும், அதுல பொறந்த வருஷத்த வெச்சு மூணு பிரிவு. 1987 ஜூலைக்கு முன்னாடி பொறந்தவங்க தன்னோட டாக்குமெண்ட் மட்டும், அதுல இருந்து 2004 டிசம்பர் 2 வரைக்கும் பொறந்தவங்க தன்னோடதும் அப்பா அம்மாவுல ஒருத்தரோடதும், அதுக்கு அப்புறம் பொறந்தவங்க தன்னோடதும் அப்பா அம்மா ரெண்டு பேரோடதும். புதுசா 18 ஆகற எல்லா பிள்ளைகளும் அந்த மூணாவது கூட்டத்துல தான். அந்தப் பொண்ணு அந்த வரிய ரெண்டு தடவை படிச்சுட்டு, "அண்ணா, இதுல நான் என்ன எழுதணும்?"னு மெதுவாக் கேட்டுச்சு. பின்னாடி வரிசையில பத்துப் பேரு நிக்காங்க, அவங்க காதுல விழக்கூடாதுன்னு தான் அந்த மெதுவு.

அரசு தான் அந்தப் பிள்ளைய எடுத்து வளத்துச்சு. சிறார் சட்டப்படி 18 முடிஞ்சு இல்லத்த விட்டு வெளிய போற பிள்ளைங்களுக்கு 21 வயசு வரைக்கும் பின்கவனிப்பு குடுக்க வழி இருக்கு, 46-வது பிரிவு. அதே அரசோட இன்னொரு கை, உன் அப்பா அம்மா பேப்பரக் கொண்டான்னு கேக்குது. வழி இல்லாம இல்ல. ஃபார்ம் 6-ல அப்பா அம்மா பேரு இல்லாத பிள்ளைங்களுக்கு சட்டப்படியான பாதுகாவலர் பேரு போட இடம் இருக்கு. ஹாஸ்டல் முகவரியிலயும் சேரலாம். வீடே இல்லாதவங்களுக்குக் கூட, அவங்க ராத்திரி படுக்கற இடத்துல பிஎல்ஓ போய்ப் பாத்துட்டு சேர்க்கணும்னு தேர்தல் கமிஷன் விதி இருக்கு. கூர்நோக்கு இல்லத்துலயோ சிறப்பு இல்லத்துலயோ இருக்கும்போது 18 ஆகுற பையனுக்கு மட்டும் வேற மாதிரி, சட்டக் காவல்ல இருக்கற இடம் அவனோட வசிப்பிடமாக் கணக்காகாது, சொந்த வீட்டு முகவரி தான். வீடே இல்லாத பையனா இருந்தா அவன் எங்க போவான்? தேர்தல் சம்பந்தப்பட்ட குற்றத்தத் தவிர வேற குற்றம் பண்ணுனதுக்காக லிஸ்ட்ல இருந்து பேர எடுக்கவும் சட்டத்துல இடமில்ல, ஜெயில்ல இருக்கறவரை ஓட்டுப் போட முடியாது, அவ்வளவுதான். அதாவது சட்டம் கதவத் தொறந்து தான் வெச்சிருக்கு. பழைய கேஸ அழிச்சு புதுசா தொடங்குன்னு அனுப்புற பிள்ளைய, வெளிய வந்ததும் எதுலயாவது ஒண்ணுல சேர்க்கணும்ல, அதுல முதல்ல வர்றது இந்த லிஸ்ட் தானே. இல்லத்த விட்டு ஒரு பிள்ளை கிளம்புற அன்னிக்கே மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுல இருந்து ஃபார்ம் 6-ஐயும் நிரப்பிக் குடுத்து அனுப்புனா என்ன குறைஞ்சு போகும்? தமிழ்நாட்டு சிறார் இல்லங்களைப் பத்தி நீதிபதி சந்துரு தலைமையில ஒருநபர் குழு போட்டு 2023-ல ரிப்போர்ட்டும் வாங்கியிருக்காங்க, இல்லங்களச் சீர்திருத்தற பேச்சோட இதையும் சேர்த்துக்கலாமே.

2023 அக்டோபர் 1-க்கு அப்புறம் பொறக்கற பிள்ளைங்களுக்கு ஸ்கூல் சேர்க்கை, ஓட்டர் லிஸ்ட், பாஸ்போர்ட் எல்லாத்துக்கும் பிறப்பு சான்றிதழ் ஒண்ணு தான் பொறந்த தேதிக்குச் சான்றுன்னு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தத் திருத்திட்டாங்க. அந்தப் பிள்ளைங்க 18 ஆகும்போது 2041. அதுவரைக்கும் 18-ஐத் தாண்டப்போற ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்தப் பழைய சிக்கல் இருக்கு, இன்னிக்கு கிளாஸ்ல உக்காந்திருக்கற பிள்ளைங்க எல்லாம் அதுல அடக்கம். டிசி தேதியும் பிறப்பு சான்றிதழும் வேற வேறன்னா பத்தாங்கிளாஸ் பரீட்சைக்குப் பேரு போகறதுக்கு முன்னாடியே ஸ்கூல்ல சொல்லி மாத்துங்க, சர்டிபிகேட் அச்சான பிறகு அலையறது பெரிய பாடு. பிறப்பு சான்றிதழ்ல பேரு இல்லன்னா பஞ்சாயத்து ஆபீஸ்ல சேத்துடுங்க. பதிவே பண்ணாம ஒரு வருஷம் தாண்டிட்டுன்னா ஆர்டிஓ, சப் கலெக்டர் வரைக்கும் போகணும், போங்க. லிஸ்ட்ல இருந்து பேர எடுத்தா கலெக்டர்கிட்ட 15 நாளுக்குள்ள அப்பீல், அதுலயும் கிடைக்கலன்னா 30 நாளுக்குள்ள தலைமைத் தேர்தல் அதிகாரிகிட்ட. போலீஸ் உங்க பிள்ளையக் கூட்டிட்டுப் போனா முதல்ல எடுத்துட்டு ஓட வேண்டியது ஸ்கூல் சர்டிபிகேட்டும் பிறப்பு சான்றிதழும், ஆதார் இல்ல, அப்படியே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல இலவச வக்கீல் கேளுங்க.

அந்தப் பொண்ணோட ஃபார்ம்ல உறவுமுறைங்கற இடத்துல பாதுகாவலர்னு போட்டு, இல்லத்து சூப்பிரண்டு பேர எழுதி, குழந்தைகள் நலக் குழு ஆர்டரோட காப்பி வெச்சுக் குடுத்தோம். விசாரணைக்குக் கூப்பிட்டாங்க, போச்சு, சூப்பிரண்டும் கூடப் போனாங்க. லிஸ்ட்ல பேரு வந்ததும் கடைக்கு வந்து அந்தப் பக்கத்த மட்டும் ஒரு கலர் பிரிண்ட் கேட்டுச்சு. பிளாக் அண்ட் ஒயிட்லயே போதும் மக்களே, லிஸ்ட்ல கலர் ஒண்ணும் இல்லன்னு சொன்னேன். "பரவாயில்லண்ணா, கலர்லயே எடுங்க"ன்னு சொல்லிச்சு.